பூர்வீகம் தேடித் தரும் குன்னூர்ப் பெரியவர்: கொடுத்த 18,500 ரூபாய்க்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகும். ஆனால் குறைகள் உண்டு. அதில் ஒன்று எனக்கு இன்னும் ஆறவில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். போர்டு கிடையாது. "பேர் போட்டு எழுதிடாதீங்கம்மா, இருக்கிற வேலையே முடிய மாட்டேங்குது" என்று பெரியவர் கேட்டுக்கொண்டதால் நானும் பெயர் சொல்லவில்லை. குன்னூரில் நாலு பேரைக் கேட்டால் கை காட்டிவிடுவார்கள். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே வரலாறு எம்.ஏ. படித்த ஒரு பெண் இருக்கிறார். கம்ப்யூட்டர், கடிதப் போக்குவரத்து, சென்னைக்குப் போய் ஆவணக் காப்பகத்தில் உட்காருவது எல்லாம் அவர் பொறுப்பு. வேறு ஊரிலிருந்து மலைக்கு வந்து நிலம் திருத்திக் குடியேறிய குடும்பங்கள்தான் பெரும்பாலும் இவர்களைத் தேடி வருகின்றன. கீழே வர்க்கி வேகிற வாசனை மேலே ஏறி வந்துகொண்டே இருக்கும். காத்திருக்கிற நேரத்துக்கு அது ஒன்றுதான் ஆறுதல். நிறையக் காத்திருக்க வேண்டும்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரியில் (சிறு விவசாயிகளிடம் பச்சைக் கொழுந்து வாங்கித் தூளாக்குகிற ஆலை) கணக்கு எழுதுகிறவள். வவுச்சர் இல்லாமல் ஒரு செலவையும் ஏற்றமாட்டேன். அந்தப் புத்தி வீட்டுக் கதைகளிலும் எட்டிப் பார்க்கும். எங்கள் குடும்பக் கதை சுருக்கமாக இதுதான்: தாது வருஷப் பஞ்சத்தில் ஓட்டன் (தாத்தாவின் தாத்தா) மதுரையிலிருந்து இலங்கைக்குப் போனார், காட்டை அழித்துத் தேயிலை போட்டார், பேரன் திரும்பி வந்து நீலகிரியில் மறுபடியும் காட்டை அழித்துத் தேயிலை போட்டார். கல்யாண வீடுகளில் இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். வருஷம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஊர் எது என்று கேட்டால் 'மதுரைப் பக்கம்' என்பதோடு நின்றுவிடும். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் படகர். அவர் தன் ஹட்டியில் (படகர் ஊர்) ஏழு தலைமுறையை மூச்சு விடாமல் சொல்லுவார். அவர் முன்னால் 'மதுரைப் பக்கம்' என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இவரிடம் போவதற்கு முன் வேறொரு இடத்தில் விசாரித்தேன். ஃபோனிலேயே பேரும் குலமும் கேட்டுக்கொண்டு, பத்து நாளில் சட்டம் போட்ட வம்ச விருட்சம் வீட்டுக்கு வரும் என்றார்கள். மாதிரி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். உச்சியில் சோழர் புலிக்கொடி, அதற்குக் கீழே பதினெட்டுத் தலைமுறை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு 'எங்களிடம் டேட்டாபேஸ் இருக்கிறது' என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

குன்னூரில் முதல் சந்திப்பே வேறு மாதிரி. பெரியவர் பேர் எதையும் கேட்கவில்லை. வீட்டில் எந்தக் கிழமை விளக்கு ஏற்றுவீர்கள், முதல் முடி எங்கே இறக்குவீர்கள், சீர் வைக்கும்போது எந்தத் தாய்மாமனுக்கு முதல் மரியாதை, பழைய டிரங்குப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது, இப்படிப் போனது கேள்வி. என் அப்பா பதில் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதிக்கொண்டே வந்தார். பெட்டியை அப்படியே கொண்டு வரச் சொன்னார்கள், எதையும் துடைக்காமல், பிரிக்காமல். நல்லவேளை, அத்தை வீட்டில் அது வெள்ளெலிக்கும் ஈரத்துக்கும் தப்பியிருந்தது. தாத்தாவின் பாஸ்போர்ட், கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை, டேன் டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) சம்பளச் சீட்டுகள், சின்ன அத்தையின் இலங்கைப் பிறப்புச் சான்று, இவற்றோடு நாங்கள் சின்ன வயதில் பாண்டி விளையாடச் சில்லாக வைத்திருந்த வட்டமான தகர வில்லை ஒன்று.

அந்த வில்லையைப் பார்த்ததும் பெரியவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். 1901 வாக்கில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது கொண்டுவந்த தகர டிக்கெட்டாம் அது. தோட்டத்தின் பதிவு எண்ணும் ஆளின் வரிசை எண்ணும் அதில் குத்தியிருக்கும். கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி, ஊரில் ஆள் பிடித்துக் கழுத்தில் இதைக் கட்டிவிட்டால், வழிச் செலவு முழுக்கத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் அதைக் கங்காணி தலையில் எழுதும், கங்காணி ஆள் தலையில் எழுதுவார். இப்படிப் போகிறவர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்றே கடன்காரர். அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போகவும் முடியாது. கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' முறை ஒன்று இருந்ததையும், 1921ல் அதைச் சட்டம் போட்டு நிறுத்தியதையும் பெரியவர் சொன்னார். வில்லையை எடை பார்ப்பதுபோல் கையில் உருட்டிக்கொண்டே, "தாது வருஷம்னு சொன்னீங்களே, இது அதுக்கு இருபது வருஷத்துக்கு மேல பிந்தினதும்மா" என்றார்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு இவர்கள் மேல் நம்பிக்கை வந்தது. வாடிக்கையாளர் மனசு கோணாமல் இருக்க 'ஆமாம், தாது வருஷம்தான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கியிருக்கலாம். அவர்கள் கதையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். தனுஷ்கோடியில் ஓட்டன் கப்பல் ஏறினார் என்பது எங்கள் கதையில் ஒரு வரி. பாம்பன் பாலம் திறந்ததும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓட ஆரம்பித்ததும் 1914ல். தாது வருஷப் பஞ்சம் 1876ல் ஆரம்பித்து 1878 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் போனவர்கள் தூத்துக்குடியில் ஏறிக் கொழும்பில் இறங்கியிருப்பார்கள், இல்லையென்றால் பாக் நீரிணைக் கரையில் தோணி பிடித்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்திருப்பார்கள். அந்த வடபாதையில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். அதுபோக, 1876ல் இலங்கை மலையகத்தில் முக்கியப் பயிர் காப்பி. 1869ல் தென்பட்ட இலைத்துரு நோய் காப்பியை அழித்த பிறகுதான் தேயிலை பரவியது. ஆக ஓட்டன் பஞ்சத்தில் போயிருந்தால் தனுஷ்கோடியும் பொய், தேயிலையும் பொய். தனுஷ்கோடியும் தேயிலையும் நிஜமென்றால் போனவர் ஓட்டன் இல்லை, பிந்தி வந்த ஒருவர். இரண்டு மூன்று ஆட்களின் பயணத்தை ஒரே ஆள் மேல் ஏற்றிச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது.

அடுத்தது சின்ன அத்தையின் பிறப்புச் சான்று. 1964ல் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) பிறந்தவர். அந்தச் சான்றை நாங்கள் எத்தனையோ தடவை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறோம், முழுக்கப் படித்ததில்லை. அப்பா பேர், அம்மா பேர், இனம் என்பதற்குக் கீழே இன்னும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பேர், பிறந்த வருஷம், இடம். தகப்பனார் இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் அங்கே பிறந்திருந்தால் அவர் விவரம். எந்த நாட்டுப் பிறப்புச் சான்றில் பூட்டன் வரைக்கும் கேட்பார்கள்? அந்தப் பெண் விளக்கினார். 1948ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டப்படி, அங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் கையில் இதற்குக் காகிதம் இல்லை. அந்தக் கேள்விதான் கட்டமாகச் சான்றில் உட்கார்ந்திருக்கிறது.

அத்தையின் சான்றில் இரண்டு கட்டத்திலும் வெறும் கோடு. தகப்பன், அதாவது என் தாத்தா, 1923ல் டிக்கோயாவிலேயே பிறந்தவர் என்று மேலே எழுதியிருக்கிறது. ஆனால் அவருடைய தகப்பனுக்கு நேரே கோடு. அதாவது பூட்டன் (தாத்தாவின் அப்பா) பிறந்தது இலங்கையில் இல்லை, அல்லது பிறந்திருந்தும் அதற்குச் சான்று காட்ட முடியவில்லை. தாத்தா அங்கேயே பிறந்து, பத்து வயதில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய்ப் பேர் கொடுத்து, கொழுந்து மலையிலும் கவ்வாத்து (செடி வெட்டும்) மலையிலும் வளர்ந்தும் நாடில்லாதவராக நின்றதற்குக் காரணம் இந்தக் கோடு. எங்கள் வீட்டில் இதுவரை 'சாஸ்திரி ஒப்பந்தத்தில் அனுப்பிவிட்டார்கள்' என்று மட்டும்தான் சொல்வார்கள். 1964 அக்டோபர் 30ல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டபோது கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை 1974ல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த முதல் கணக்கில் எங்கள் வீட்டு ஆட்கள் ஏழு பேர். எங்களை நாடில்லாதவர்களாக்கிய அந்த 1948 சட்டமே இப்போது எங்களுக்கு ஓர் ஆவணமாகக் கையில் இருக்கிறது. பெரியவர் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கோட்டைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு 'பூட்டன் - இந்தியப் பிறப்பு, ஏறக்குறைய உறுதி' என்று எழுதிக்கொண்டார்.

ஆக, பூட்டன் பிறந்த ஊர் எது? பாஸ்போர்ட்டில் 'திருச்சிராப்பள்ளி ஜில்லா' என்று மட்டும் இருந்தது. அப்பாயி சாகும்வரை கும்பிட்டது மதுரகாளியை. அதை வைத்துத்தான் எல்லாரும் மதுரை என்று சொல்லி வந்தார்கள். என் சித்தப்பா ஒரு தடவை மதுரைக்கே போய்க் கோயில் கோயிலாக விசாரித்துவிட்டுத் திரும்பினார். பெரியவர் இரண்டு கோயிலைக் காட்டினார். ஒன்று தொட்டியத்தில் இருக்கும் மதுரை காளியம்மன், இன்னொன்று பெரம்பலூர்ப் பக்கம் சிறுவாச்சூரில் இருக்கும் மதுரகாளியம்மன். இரண்டும் பழைய திருச்சி ஜில்லாதான், பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995ல். எங்கள் அப்பாயி திங்கள், வெள்ளி தவிர மற்ற நாளில் அந்தப் படத்துக்கு விளக்கு வைக்கமாட்டார். சிறுவாச்சூர்க் கோயில் விசேஷ நாட்களை விட்டால் வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் திறந்திருக்கும். முதல் நாளே விளக்குக் கிழமையை ஏன் கேட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. இலங்கையில் முக்கால் நூற்றாண்டு, நீலகிரியில் அரை நூற்றாண்டு கழிந்தும் கிழமை மாறவில்லை.

இதையும் அவர் ஆதாரம் என்று ஒப்புக்கொள்ளவில்லை, தேட வேண்டிய இடம் என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டார். குலதெய்வம் கும்பிடுகிறவர்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஊரில் இருப்பார்கள். குடும்ப அட்டை விண்ணப்ப நகல் ஒன்றில் அரைகுறையாகத் தெரிந்த ஊர்ப் பெயரைக் கோயிலைச் சுற்றியிருக்கும் கிராமங்களோடு ஒப்பிட்டு, மூன்றாகக் குறைத்தார்கள். அப்புறம் பெரியவரே கிளம்பிப் போனார். அங்கே அவர் முதலில் கேட்டது, ஊர் ஜமீன் ஊராக இருந்ததா ரயத்துவாரி ஊராக இருந்ததா என்பது. ஜமீன் ஊரென்றால் 1948ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்திய கணக்கெல்லாம் ஜமீனோடு போயிருக்கும், கிடைப்பது கஷ்டம். ரயத்துவாரி ஊரென்றால் அரசாங்கமே ஒவ்வொரு உழவர் பேரிலும் பட்டா எழுதியிருக்கும், செட்டில்மென்ட் பதிவேட்டில் தேடலாம். எங்கள் அதிர்ஷ்டம், ரயத்துவாரி ஊர்.

ஆன்லைனில் பட்டா, சிட்டா, அ பதிவேடு எல்லாம் இப்போது வீட்டிலிருந்தே எடுக்கலாம், அதற்கு இவரிடம் போக வேண்டியதில்லை. ஆனால் அதில் வருவது 1980களில் முடிந்த யூ.டி.ஆர். சர்வேக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த சர்வே) பிந்திய விவரம். வில்லங்கமும் இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிறகுதான். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு, கைப்பிரதி அட்டவணைப் புத்தகத்தைப் புரட்ட வைத்துத்தான் எடுக்க வேண்டும். பேர் வாரியாக ஒரு புத்தகம், சொத்து வாரியாக ஒரு புத்தகம். சர்வே நம்பர் தெரியாதவர்கள் பேர்ப் புத்தகத்தில் வருஷம் வருஷமாகத் தேட வேண்டும். முப்பது வருஷம் சர்வேத் துறையில் இருந்த மனிதருக்கு எந்த அலமாரியில் எது இருக்கும் என்று தெரிந்திருக்கிறது. நாம் கொடுக்கிற கூலி அதற்குத்தான்.

கிடைத்தது 1911ஆம் வருஷத்து ஒத்திப் பத்திரம் ஒன்று. இரண்டு ஏக்கர் பத்து சென்ட் புன்செய், வரகும் கம்பும் விளைகிற மானாவாரி நிலம். ஓட்டன் தன் பேரிலும், இலங்கையில் இருக்கும் மகன் பேரிலுமாக ஒத்தி வைத்திருக்கிறார். ஓட்டனின் தகப்பன் பேரும் அதில் இருக்கிறது. ஆக ஓட்டன் 1911ல் ஊரில்தான் இருந்திருக்கிறார், பத்திரத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார், இலங்கையில் இருந்தவர் பூட்டன். தகர டிக்கெட்டு பூட்டனுடையது என்பது இதோடு பொருந்துகிறது. நிலம் மீட்கப்பட்டதற்குப் பத்திரம் எதுவும் இல்லை. செட்டில்மென்ட் பதிவேட்டில் அந்தச் சர்வே நம்பர் வேறொருவர் பேருக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். மூன்றாவது நாள் பெரியவர் எனக்கு ஃபோன் செய்து பேரைப் படித்துக் காட்டியபோது நான் ஃபேக்டரியில் எடைச் சீட்டு சரி பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கூட்டல் இரண்டு தடவை தப்பியது.

ஊரில் பங்காளிகள் யாராவது உண்டா என்று அப்பா ஆவலாகக் கேட்டார். 'இலங்கைக்காரன் வீடு' என்று மூன்று வீட்டைக் காட்டினார்களாம். அந்த வட்டாரத்தில் இலங்கைக்குப் போகாத வீடு எது, அதனால் அதை நம்ப முடியாது என்று பெரியவர் எழுதியிருக்கிறார். அப்பா இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்றில் ஒரு வீட்டோடு ஃபோனில் பேச ஆரம்பித்துவிட்டார், அண்ணன் தம்பி முறை கூட வைத்தாகிவிட்டது.

நீலகிரிப் பகுதி சீக்கிரம் முடிந்தது, காகிதம் நிறைய இருந்ததால். தாத்தா குடும்பம் 1972ல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான். மண்டபம் முகாமில் தங்கல், அப்புறம் கோத்தகிரியில் டேன் டீ வேலை. தாயகம் திரும்பியவர்களுக்காகவே 1968ல் வனத்துறை ஆரம்பித்த தேயிலைத் திட்டம் அது. 1984ல் தாத்தா, பிராவிடண்ட் பணத்தில், உண்ணிச்செடியும் சீகையும் மண்டிக் கிடந்த ஒன்றேகால் ஏக்கர் சரிவைக் கிரயம் வாங்கினார். முதல் இரண்டு மூன்று போகம் உருளைக்கிழங்கு, நூற்புழுவில் நட்டம். கேரட் பரவாயில்லை. பிறகு எல்லாரையும் போலத் தேயிலை. இந்தக் கட்டத்தில் பெரியவர் கேட்காமலே ஒரு வேலை செய்தார்: யூ.டி.ஆர். பட்டாவில் தாத்தாவின் தகப்பன் பேர் தப்பாக ஏறியிருப்பதைக் கண்டுபிடித்து, தாலுகா ஆபீசில் திருத்த மனு எப்படிக் கொடுப்பது என்று மாதிரி எழுதிக் கொடுத்தார். பாகப் பிரிவினை வரும்போது இது எங்களுக்குப் பெரிய தலைவலியாக வந்திருக்கும். இந்த ஒன்றுக்கே பாதிப் பணம் சரியாகிவிட்டது.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்த நிலப் பகுதி அவ்வளவு உதவாது. அங்கே நிலம்பூர் கோவிலகத்து (அரச குடும்பம்) பரம்பரைச் சொத்தாக இருந்த ஜன்ம நிலப் பிரச்சினை 1969ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகும் தீராமல், இரண்டு மூன்று தலைமுறை உழுதவர்களிடமும் பட்டா இல்லை. அவர்களிடம் இதைப் பெரியவர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார், நான் உட்கார்ந்திருந்தபோதே ஒருவரிடம் சொன்னார்.

கடைசியில் கையில் வருவது என்ன? ஸ்பைரல் பைண்டிங் போட்ட எண்பது சொச்சம் பக்கம் புத்தகம், சுவரில் ஒட்டுகிற அளவு வம்சாவளிப் படம், எல்லா ஆவணத்தின் ஸ்கேனும் அடங்கிய பென் டிரைவ். படத்தில் ஒவ்வொரு பேரும் ஒரு நிறத்தில் இருக்கிறது. காகித ஆதாரம் இருந்தால் பச்சை. சம்பந்தமில்லாத இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லியிருந்தால் நீலம். கேள்விப்பட்டது மட்டும் என்றால் சிவப்பு. ஓட்டனின் தகப்பன் வரை பச்சை, அதாவது என்னிலிருந்து மேலே ஐந்து தலைமுறை. தாது வருஷக் கதை சிவப்பில், 'மறுக்கவும் ஆதாரம் இல்லை, நிறுவவும் இல்லை. ஓட்டன் இளம் வயதில் ஒரு முறை போய்த் திரும்பியிருக்கலாம்' என்ற குறிப்போடு. ஐந்துக்கு மேல் காகிதம் வெறுமையாக இருக்கிறது. புலிக்கொடி இல்லை. என் கணக்குப் புத்திக்கு இது ரொம்பப் பிடித்தது. அப்பாவுக்கு அந்தச் சிவப்பு மை பிடிக்கவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். ஒன்று, ஃபோன் எடுக்கமாட்டார்கள். ஏப்ரலில் தருகிறேன் என்றது ஆடி கழிந்துதான் வந்தது. இரண்டு, கட்டணம். வேலைக்கூலி 12,000 என்று முதலில் பேசியதில் மாற்றமில்லை. ஆனால் பயணம் 3,200, நகல் கட்டணம் 1,900, அச்சும் பைண்டிங்கும் 1,400 என்று பின்னால் சேர்ந்தது. பஸ் டிக்கெட் வரை ஒட்டிக் கணக்குக் கொடுத்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இது தனி என்று முதல் நாளே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். புத்தகத்தில் சில பக்கங்களில் எழுத்துரு உடைந்து கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன. திருப்பிக் கேட்டால் அச்சடித்துத் தருகிறார்கள்.

இதெல்லாம் போகட்டும். ஆறவில்லை என்று சொன்னது இது: படத்தில் பெண்களுக்குக் கிளையே இல்லை. ஆண் வாரிசுக்குக் கீழே கிளை பிரிகிறது. மகள் என்றால் பேர், ஒரு கோடு, 'மணமாகிச் சென்றார்'. மனைவி என்றால் பேர் மட்டும், எந்த ஊர், யார் மகள் என்று கிடையாது. குலதெய்வத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது அப்பாயியின் விளக்கு, கட்டம் கட்டமாகக் கதை சொன்னது சின்ன அத்தையின் சான்று, பெட்டியைப் பாதுகாத்தது பெரிய அத்தை. அப்பாயி எந்த ஊர்ப் பெண் என்பதற்குப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. தோட்டத்து செக்ரோலில் (ஆள் வருகை, சம்பளப் பதிவேடு) பெண்களுக்கும் தனிப் பேர், தனிச் சம்பளம் உண்டு, காகிதமே இல்லை என்று சொல்ல முடியாது. பெரியவரிடம் கேட்டேன். "பட்டா ஆம்பளை பேர்லதானேம்மா வரும், நான் பட்டாவைப் பிடிச்சுப் போறவன்" என்றார். சர்வேயர் கண்ணோட்டம். அந்தப் பெண் பேசாமல் இருந்தார். நான் படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, தாய்வழியைத் தான் தனியாக எடுத்துச் செய்வதாகச் சொன்னார்.

யார் போகலாம்? வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறவர்கள், பதில் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை என்கிறவர்கள். போகும்போது பேசத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், என் அப்பா இல்லாமல் நான் மட்டும் போயிருந்தால் முதல் நாள் கேள்விகளில் பாதிக்குப் பதில் தெரிந்திருக்காது. கல்யாணப் பத்திரிகையில் போட வம்சப் பெருமை வேண்டும் என்றால் அந்த வாட்ஸ்அப் ஆட்களே போதும். கிறிஸ்தவக் குடும்பங்கள் முதலில் தங்கள் தேவாலயத்து ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பார்த்துவிட்டு வந்தால் கூலி மிச்சம். ஃபேமிலிசர்ச் என்ற இலவச இணையதளமும் அவர்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். அதில் ஹரித்வார் பண்டாக்களின் யாத்திரை ஏடுகள் எல்லாம் படமாக இருக்கின்றன, ஆனால் மானாவாரி உழவர் குடும்பத்துக்கு அதில் நான் தேடியவரை ஒன்றும் சிக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேர் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அந்த வீட்டு வாரிச் சீட்டுகளைப் பாதுகாத்து வைப்பதில்லை, அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தாய்வழி வேலைக்கு அந்தப் பெண் 6,000 கேட்டார், பயணம் தனி என்பதை இந்தத் தடவை முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். அப்பாயியின் அப்பா வேறு தோட்டத்துக்காரர், மஸ்கெலியாப் பக்கம். பிறப்புப் பதிவின் நகலுக்கு இலங்கையில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். முன்பணம் 2,000 கொடுத்து ரசீது வாங்கியாகிவிட்டது.